புதன்கிழமை வண்டி

அண்ணாச்சி, இந்த ஃபாஸ்டேக் வேலை செய்யுதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. வண்டி கொண்டுவரலை. பஸ்ஸுலதான் வந்தேன். டேக் மட்டும் கையில இருக்கு. அப்படிப் பாக்காதீங்க, கோட்டிக்காரன் இல்ல நான். திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். பேரு ஆவுடையப்பன். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வந்துது, எத்தனை மணிக்குக் கிளம்புச்சு, இருபத்தாறு வருஷமா அதான் சோலி.

ஆமா, கண்ணாடியில இருந்து உரிச்சதுதான். ஓரத்துல லேசாக் கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான். நான் அட்டையில வச்சு நீவி ஒட்டியிருக்கேன். உங்க கைல இருக்கே அந்த மிஷினு, அத ஒருக்க இதுமேல காட்டுங்க. பீப்னு சத்தம் வந்தாப் போதும் எனக்கு. உரிச்சா செத்துருமா? அதெல்லாம் பொதுவாச் சொல்லுததுல்லா. சிலது பொழைச்சுக் கெடக்கும். மிஷின்ல நெட்டு வரலையா? வரட்டும். நான் நிக்கேன். இன்னைக்கு லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

வேற ஒண்ணுமில்ல, இந்த டேக் உயிரோட இருந்தா, வண்டி இந்த டோலைத் தாண்டும்போது என் நம்பருக்கு மெசேஜ் வரும். எனக்கு அந்த மெசேஜ் வரணும். வேற எதுவும் வேண்டாம். மூணு புதன்கிழமையா வரலை. எனக்குச் சோறு எறங்கலை அண்ணாச்சி.

யாரு வண்டியா? அதச் சொல்லணும்னா முதல்ல என் சகலையைச் சொல்லணும்.

என் வீட்டுக்காரி மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவாவ. அவளுக்கு ஒரே தங்கச்சி, திலகம். அந்தத் திலகத்தைக் கட்டினவன் குற்றாலிங்கம். வண்ணார்பேட்டையில மோட்டார் பம்பு செட்டுக் கடை வச்சிருக்கான். நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகன். முறைப்படி பாத்தா பந்தியில முதல் இலை எனக்குத்தான் போடணும். போடுவாவ. இலை எனக்கு முதல்ல விழும், அப்பளம் அவனுக்கு முதல்ல விழும். எங்க அத்தை அப்பளத் தட்டை எடுத்துக்கிட்டு நேரா அவன்கிட்டத்தான் போவாவ. "குற்றாலிங்கம் மாப்பிள்ளைக்கு நொறுங்காததா வைக்கணும்" அப்படிம்பாவ. எனக்கு வாரது உடைஞ்சதா இருக்கும். பதினெட்டு வருஷமாப் பாக்கேன். அப்பளத்துக்காகச் சொல்லலை, ஒரு இது இருக்குல்லா.

அவன் ஒரு வார்த்தை சொன்னா வீடே சிரிக்கும். நான் அதே வார்த்தையைச் சொன்னா "என்ன சொன்னீங்க?"ம்பாவ. நான் பொறாமைப்படுற ஆள் கெடையாது. உள்ளதைச் சொல்லுதேன்.

நாலு வருஷம் முன்ன நான் ஒரு கார் வாங்கினேன். வெள்ளைக் கார், செகண்ட் ஹேண்டு, சுத்தமான வண்டி. எங்க சொந்தத்துல முதல் கார் என்னுதுதான். குற்றாலிங்கம்கிட்ட அப்ப மொபெட்டுதான் இருந்துது. வண்டியை நான் எப்படி வச்சிருந்தேன் தெரியுமா? கவர் போட்டு மூடி வச்சிருந்தேன். வெயில்ல எறக்க மாட்டேன், மழையில எறக்க மாட்டேன். பொங்கலுக்குக் கழுவி மாலை போட்டு, டவுனு வரைக்கும் ஒரு சுத்து. எனக்கு ரோட்டுல பயமெல்லாம் இல்ல. எதுக்க வாரவன் எல்லாம் கண்ணுமண்ணு தெரியாம வாரானே, அதான்.

அரசி அப்பவே கேட்டா. "எனக்கு ஓட்டச் சொல்லித் தாரீங்களா"ன்னு. வீட்டுல ரவிக்கை தைக்கா அவ, நல்ல கை. தையல் மிஷின் மிதிக்கிற கால்தானே, பிரேக்கு மிதிக்காதான்னு கேட்டா. நான் சிரிச்சுட்டேன். மூணு தடவை கேட்டா. மூணாவது தடவை, "நீ ஓட்டி எங்க போகப் போற?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? அதுக்கப்புறம் அவ கேக்கலை. புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன்.

போன வருஷம் பேட்டரி மூணாவது தடவை செத்துது. நிறுத்தியே வச்சா சாகத்தான் செய்யும்னு மெக்கானிக் சொன்னான். சவத்தை வித்துத் தொலைப்போம்னு சொன்னேன். சொன்ன மறுநா குற்றாலிங்கம் வந்து நிக்கான். "அண்ணாச்சி, வண்டியை வெளிய விடாண்டாம், நான் எடுத்துக்கிடுதேன்"னான். நான் சொன்ன விலையில ஒரு பைசா குறைக்கலை. எனக்கு அதுவே எரிச்சல். பேரம் பேசுனாத்தானே நாம விட்டுக்குடுத்த மாதிரி இருக்கும்? ஆர்டிஓ ஆபீஸ் பாரத்தைக் கொண்டுவந்தான். வாங்குறவங்க பேரு இருக்கவேண்டிய இடம் காலியா இருந்துது. "ஏஜெண்டு எழுதிக்கிடுவான் அண்ணாச்சி, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னான். போட்டேன். எல்லாரும் அப்படித்தான் போடுதாவ. நீங்க வண்டி வித்திருந்தா நீங்களும் அப்படித்தான் போட்டிருப்பீங்க.

டேகை மாத்தணும்னு எனக்கும் தோணலை, அவனுக்கும் தோணலை. வண்டி நம்பரைப் போட்டா யாரு வேணும்னாலும் அதுல பணம் ஏத்தலாம்லா? அவன்பாட்டுக்கு ஏத்திக்கிட்டு இருந்திருக்கான். மெசேஜ் மட்டும் எனக்கு.

முதல் மெசேஜ் வந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. ஞாயித்துக்கிழமை. மதுரையில ஒரு கல்யாணம். எனக்கு டூட்டி முடிய ஆறரை ஆயிரும். "நீங்க பஸ்ஸுல வாங்க, நான் திலகம்கூடக் கார்ல போறேன்"னு அரசி போயிட்டா. நான் ஸ்டாண்டுல நிக்கேன். ஆறு பன்னெண்டுக்கு போன் டிங்குன்னு அடிச்சுது. உங்கள் வண்டி கயத்தாறு டோலைக் கடந்ததுன்னு போட்டிருக்கு. உங்கள் வண்டியாம். வயித்துல ஒரு எரிச்சல் பாருங்க. என் வண்டி, என் பொண்டாட்டி, உள்ள உக்காந்து சிரிச்சுக்கிட்டுப் போறது அவன். நான் கோவில்பட்டி பஸ்ஸுக்கு விசில் ஊதிக்கிட்டு நிக்கேன்.

அடுத்த டோல்ல இருந்து ஏழு அஞ்சுக்கு மெசேஜ். நம்ம தொழில் இதுதானே. தூரம் தெரியும், வேகம் தெரியும். நடுவுல இருபது நிமிஷம் எங்கயோ நின்னுருக்காவன்னு கண்டுபிடிச்சுட்டேன். மண்டபத்துல போய் எறங்கினதும் குற்றாலிங்கத்துக்கிட்ட, "கோவில்பட்டியில காப்பி நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டேன். அவன் முழிச்ச முழியைப் பாக்கணுமே. "அண்ணாச்சிக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னான். நான் பேசாம சிரிச்சேன். சுத்தி நின்னவங்க எல்லாரும் சிரிச்சாவ. பதினெட்டு வருஷத்துல அவன் வாயடைச்சு நின்னது அன்னைக்குத்தான். அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு வாரம் இருந்துது. அதுக்கப்புறம் டேகை மூட யாருக்கு மனசு வரும்?

பதினோரு மாசம் அண்ணாச்சி. வடக்க போனா கயத்தாறு, தெக்க போனா இந்த நாங்குநேரி. எங்க போனாலும் எனக்கு டிங்குன்னு வந்துரும். ராத்திரி படுக்கையில எல்லாம் பாக்க மாட்டேன், அந்த அளவுக்கெல்லாம் இல்ல. டூட்டியில மட்டும். சாப்பிடும்போது கொஞ்சம்.

அப்பத்தான் இந்தப் புதன்கிழமை மாட்டுச்சு.

ஒவ்வொரு புதனும். காலையில பத்து பத்துக்கு நாங்குநேரி, தெக்க. மத்தியானம் ஒண்ணு நாப்பதுக்கு நாங்குநேரி, திரும்பி. ரெண்டு நிமிஷம் முன்னப் பின்ன இருக்கும், அவ்வளவுதான். எங்க கார்ப்பரேசன் பஸ்ஸு கூட அவ்வளவு ஒழுங்கா ஓடாது. மூணரை மணி நேரம் தெக்க இவனுக்கு என்ன வேலை? கடையை விட்டுட்டு? பம்பு செட்டு விக்கப் போறவன் ஒரே கிழமை, ஒரே நேரத்துக்கா போவான்?

எனக்குப் புரிஞ்சுபோச்சு. வள்ளியூர்லயோ நாகர்கோவில்லயோ ஒரு தொடுப்பு. நீங்களே சொல்லுங்க, வேற என்னவா இருக்கும்? எனக்குச் சந்தோஷமா இருந்துதுன்னு சொன்னாத் தப்பா நினைக்காதீங்க. திலகத்தை நினைச்சா வருத்தம்தான். ஆனா நொறுங்காத அப்பளம் வாங்குன மாப்பிள்ளையோட லட்சணம் இதுன்னு அத்தைக்குத் தெரியணுமா வேண்டாமா?

புதன்கிழமை எனக்கு முத ஷிப்டு. மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துருவேன். அன்னைக்கு மட்டும் அரசி நல்லா இருப்பா. அவியல் வைப்பா, பாயசம் கூட வைப்பா. எதையாவது முணுமுணுன்னு பாடிக்கிட்டே பரிமாறுவா. மத்த நாள்ல ரசமும் துவையலும்தான். நான் சீக்கிரம் வீட்டுக்கு வாரதுனால சந்தோஷமா இருக்கான்னு நினைச்சுக்கிட்டேன். மனுசன் நினைப்பானா மாட்டானா?

ஒரு புதன்கிழமை சாப்பிட்டுக்கிட்டே கேட்டேன். "உன் தங்கச்சி மாப்பிள்ளை புதன்கிழமை புதன்கிழமை எங்க போறான்?"

அவ பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தா. கை அப்படியே நின்னுபோச்சு. "எங்க போறாரு? கடையிலதான் இருப்பாரு."

"கடையில இல்ல. தெக்க போறான். எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"டைம் கீப்பருக்கு யாரும் சொல்லணுமா?"

என்னையே பாத்தா. முகம் வெளுத்துப்போச்சு. தங்கச்சி வாழ்க்கையை நினைச்சுக் கலங்குதான்னு எனக்கும் பாவமா இருந்துது. "நீ ஒண்ணும் கேட்டுக்கிடாத, நான் பாத்துக்கிடுதேன்"னு தைரியம் சொன்னேன். அடுத்த ரெண்டு புதன் மெசேஜே வரலை. சரி, இவ தங்கச்சிகிட்டச் சொல்லி, அவ புருஷனைப் பிடிச்சு உலுக்கியிருக்கான்னு நினைச்சேன். அந்த ரெண்டு புதனும் எனக்கு அவியல் இல்ல. அது வேற. மூணாவது புதன், பத்து பத்து, நாங்குநேரி. மறுபடியும் ஆரம்பிச்சுட்டான் பாத்துக்கிடுங்க.

இனி விடப்படாதுன்னு முடிவு பண்ணினேன். நாலாவது புதன் லீவு போட்டேன், வீட்டுல சொல்லலை. காலையில எட்டு மணிக்கெல்லாம் டேக் எடுத்த இடத்துக்குப் போன் போட்டு, வண்டி வித்தாச்சு, டேகை மூடிருங்கன்னு சொன்னேன். தப்பா அது? வித்தவன் டேகை மூடணும்னு நீங்களே போர்டு எழுதி வச்சிருக்கீங்க. ஒன்பது மணிக்கு மூடியாச்சுன்னு மெசேஜ் வந்துது. நான் பஸ் ஏறி இங்க வந்து, அந்தா அந்த எளநிக் கடை இருக்குல்லா, அதுக்குப் பின்னால நின்னேன். டோல் கேட்டுக் கம்பு ஏறாது. வண்டி நிக்கும். பின்னால நிக்கவன் ஹாரன் அடிப்பான். உள்ள ஒருத்தி உக்காந்திருப்பா. நான் மெதுவா நடந்து போய், "என்ன சகலை, டேக் வேலை செய்யலையா?"ன்னு கேக்கணும். அந்த ஒரு வார்த்தையை நான் பஸ்ஸுல வரும்போதே பத்து தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

பத்து எட்டுக்கு வண்டி வந்துது. கவர் போட்டு வச்சிருந்தேனே, அந்த வண்டியா இதுன்னு இருந்துது, ஒரே புழுதி. கம்பு ஏறலை. உங்க ஆளு ஒருத்தர் கைமிஷினோட ஓடி வந்து கண்ணாடியில காட்டினாரு. தலையை ஆட்டினாரு. பின்னால லாரிக்காரன் ஹாரன்ல கையை வச்சவன் எடுக்கலை. நான் இடது சீட்டைத்தான் பாக்கேன். காலி. குனிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டாளோன்னு எட்டி எட்டிப் பாக்கேன்.

அப்ப வலது பக்கக் கதவு திறந்துது. அரசி எறங்குதா.

என் அரசிதான். பச்சைச் சேலை. கூலிங்கிளாஸ் போட்டிருந்தா அண்ணாச்சி. அதை நெத்திக்கு மேல தூக்கி விட்டுட்டு, உங்க ஆளுகிட்ட என்னன்னு கேட்டா. ஒரு பதட்டம் இல்ல. ரெண்டு மடங்கு கட்டணும்னாரு போல, பர்ஸைத் திறந்து குடுத்தா. பின்னால திரும்பி லாரிக்காரனைப் பாத்து, இருப்பான்னு கையைக் காட்டினா. அவன் ஹாரனை நிறுத்திட்டான். இருபத்தாறு வருஷமா விசில் ஊதுதேன், எனக்கு ஒரு டிரைவரும் அப்படி அடங்கினது இல்ல. மறுபடி ஏறி, கியர் போட்டு, வண்டியை அழகா ஓரம் கட்டினா. எறங்கி நேரா எளநிக் கடைக்கு வந்தா.

"டீ சாப்பிட்டாச்சா?"ன்னு கேட்டா என்கிட்ட.

"டூட்டி"ன்னு சொல்லிட்டேன். நாங்குநேரி எளநிக் கடையில என்ன டூட்டி? "ஏறுங்க"ன்னா. ஏறினேன். இடது சீட்டுல. என் வண்டியில இடது சீட்டுல நான் உக்காந்தது அதான் முதல் தடவை.

நல்லாத்தான் ஓட்டுதா. குறை சொல்ல முடியலை. நான் காலால கீழ பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வாரேன், அங்க பிரேக்கு இல்ல. "குற்றாலிங்கம் வண்டியை உன்கிட்டக் குடுத்துட்டுக் கடையில உக்காந்திருக்கானா?"ன்னு கேட்டேன்.

"இது அவரு வண்டி இல்ல"ன்னா. முன்னால இருக்க டப்பாவைத் திறக்கச் சொன்னா. ஆர்சி கார்டு இருந்துது. உரிமையாளர் மங்கையர்க்கரசி. கீழ என் பேரும் இருக்கு. கணவர்ங்கிற இடத்துல.

கேட்டுக்கிட்டீங்களா? என் வண்டியை என் பொண்டாட்டிக்கிட்டயே வித்திருக்கேன். அவ தைச்சுச் சேத்த சீட்டுப் பணம். அதான் பேரம் பேசலை அவன். பாரத்துல பேரு காலியா விட்டது ஏஜெண்டுக்கு இல்ல, இவளுக்கு. லேடீஸ் டிரைவிங் ஸ்கூல்ல படிச்சிருக்கா. ரெட்டியார்பட்டி சர்வீஸ் ரோட்டுல பழக்கிவிட்டது குற்றாலிங்கம். வண்டி நிக்கறது அவன் வீட்டு வாசல்ல. திலகத்துக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், அவன் கடைப் பையனுகளுக்குத் தெரியும். மதுரைக் கல்யாணத்துக்கு வண்டியை ஓட்டிக்கிட்டுப் போனதே இவதானாம். நான் காப்பி நல்லா இருந்துச்சான்னு கேட்டப்ப எல்லாரும் சிரிச்சாவளே, அது எதுக்குச் சிரிச்சாவன்னு இப்பத்தானே தெரியுது.

"புதன்கிழமை எங்க போற?"ன்னு கேட்டேன்.

"கன்னியாகுமரிக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. கடல் இருக்கு. வண்டியை நிப்பாட்டிட்டு, சுக்குக்காப்பி ஒண்ணு வாங்கிக் குடிப்பேன். கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். வந்துருவேன்."

"என்னத்துக்கு?"

"நீங்கதானே கேட்டீங்க, ஓட்டி எங்க போகப் போறன்னு. யோசிச்சேன். கடல் வரைக்கும் போகலாம்னு தோணுச்சு."

நம்புற மாதிரியா இருக்கு? போக வர நூத்தி எழுபது கிலோமீட்டரு, ஒரு சுக்குக்காப்பிக்கு. அப்படி ஒரு பொம்பளை ஒத்தையில போய் உக்காந்திருந்தா, பக்கத்துல வந்து ஒருத்தன் பேச மாட்டானா? எந்த ஊருன்னு கேக்க மாட்டானா? இவ பதில் சொல்ல மாட்டாளா? வீட்டுல என்கிட்டப் பேச வார்த்தை இல்லாதவ அங்க எவன்கிட்டயோ பேசிச் சிரிச்சுட்டுத்தானே வந்து எனக்கு அவியல் வைக்கா? சந்தேகம் இல்ல அண்ணாச்சி. சந்தேகப்பட்டா நான் மனுசனே இல்ல, அவ அப்படிப்பட்டவ இல்ல. பொறாமைதான். சொல்லிட்டேன் போதுமா. அந்தச் சுக்குக்காப்பிக்காரன் மேல பொறாமை, அந்தக் கடல் மேல பொறாமை. என்னத்தைப் பாத்து அவளுக்கு அப்படி மனசு நெறையுது? எங்கிட்ட இல்லாதது அங்க என்ன இருக்கு?

அன்னைக்கு, "இன்னும் அம்பது கிலோமீட்டர்தான். வாரீங்களா?"ன்னு கேட்டா. நான், "வண்டியைத் திருப்பு"ன்னேன். அடுத்த வளைவுல திருப்பிட்டா. ஊரு வர்ற வரைக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"எத்தனை மாசமா மெசேஜ் வருது உங்களுக்கு?"

"பதினோரு மாசம்."

மறுநாக் காலையில வெந்நியும் பிளேடும் எடுத்துக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போனா. கண்ணாடியில இருந்து இத உரிச்சு எடுத்துட்டு வந்து, என் காப்பி டம்ளர் பக்கத்துல வச்சா. "இது உங்களுதுதானே, வச்சுக்கிடுங்க"ன்னா. புது டேக் அவ பேருல, அவ நம்பருல எடுத்துட்டா.

சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலை. சோறு போடுதா, துணி துவைச்சுப் போடுதா, எல்லாம் ஒழுங்காத்தான் நடக்கு. புதன்கிழமை அவியல் கூட உண்டு. பாட்டு மட்டும் இல்ல. ஸ்டாண்டுல பத்து பத்துக்குப் போனை எடுத்துப் பாக்கேன். ஒண்ணும் இருக்காது. போனாளா, போகலையா, போய்ச் சேந்தாளா, எதுவும் தெரியாது. போன வாரம் மணப்பாறை வண்டி அரை மணி நேரம் லேட்டு, நான் கவனிக்கவே இல்ல. டெப்போ மேனேஜர் கூப்பிட்டு ஏசினாரு. எனக்கு மெமோ வந்த முதல் தடவை அண்ணாச்சி அது.

அதான் இதக் கொண்டுவந்தேன். இது மறுபடி வேலை செஞ்சா, கண்ணாடிக்குப் பின்னால, அவளுக்குத் தெரியாத இடமாப் பாத்து ஒட்டிருவேன். என்ன, ஒரு வண்டிக்கு ரெண்டு டேக் ஓடாதா? மூடின டேகைத் திரும்பத் திறக்க முடியாதா? மிஷினைக் காட்டுங்க, காட்டிட்டுச் சொல்லுங்க. சத்தம் வரலையா? இன்னொருக்க. இந்த ஓரமாக் காட்டுங்க. ம். வரலையா. சரி.

வேற வழியில்லையா? அவளோட புது டேக்குல என் நம்பரையும் சேத்துப் போட முடியாதா? உரிமையாளர் சம்மதிக்கணுமா? அவளுக்கு ஓடிபி போகுமா? அப்ப வேண்டாம். அப்ப அவகிட்டக் கேக்கணும்லா. அது மட்டும் வேண்டாம்.

மணி என்ன? பத்து ஒன்பது. செத்த அந்தப் பக்கம் நகருங்க அண்ணாச்சி, உங்க குடை மறைக்கு. அந்தா வாரா பாருங்க. மூணாவது வரிசை. வெள்ளை. கம்பு எப்படி ஏறுது பாருங்க, வண்டி நிக்கக்கூட இல்ல.

ஓரம் கட்டுதாளே. ஏன் ஓரம் கட்டுதா? இருங்க, போன் வருது, அவதான். சத்தம் போடாதீங்க.

சொல்லு... ஸ்டாண்டுலதான்... ஆமா, டூட்டிதான்...

"குடைக்குக் கீழ நிக்கீங்க, தெரியுது"ங்கா. இங்க இருந்து பாத்தா அவ முகம் தெரியலை, கண்ணாடியில வெயில் அடிக்கு. இடது பக்கக் கதவைத் திறந்து விட்டிருக்கா, பாத்தீங்களா. "வாரீங்களா"ன்னு கேக்கா.

இல்ல... எனக்கு வேலை இருக்கு... நீ போ.

"சரி"ங்கா. வச்சுட்டா.

கதவைச் சாத்திட்டா. கிளம்பிட்டாளே அண்ணாச்சி. ஒரு தடவைதான் கேட்டா, நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க? இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தா ஏறியிருப்பேன்.